பச்சை வயர வெட்டிடாதீங்க: மரினாவுல போட்டுக்கு கரண்ட் எடுக்கிறவங்களுக்கு

ஸ்கார்பரோ பிளஃபர்ஸ் பார்க் பக்கமோ ஒன்டாரியோ ஏரிக்கரையில வேற எங்கயோ போட் கட்டி வச்சிருக்கிற நம்ம ஆளுங்களுக்காக எழுதுறேன். போன சீசன்ல டாக்ல ஒருத்தர் வந்து, "கேபிள்ல இருக்கிற பச்சை வயர கழட்டிட்டா மெட்டல் அரிக்கிறது நின்னுடுமாமே, கழட்டிடவா அண்ணே"ன்னு கேட்டாரு. அரிப்பு குறையும், உண்மைதான். ஆனா தண்ணியில இருக்கிற யாரோ ஒருத்தர் உயிர் போயிடும்.

விஷயம் என்னன்னா உங்க அவுட்டிரைவ் (போட் பின்னாடி ப்ரொப்பெல்லர தாங்குற டிரைவ்) அலுமினியம், பக்கத்து போட் ப்ரொப்பெல்லர் வெண்கலம், ரெண்டும் ஒரே தண்ணியில நிக்குது, ரெண்டையும் ஒரு வயரால சேர்த்துட்டா பேட்டரி ரெடி, அலுமினியம் அரிக்க ஆரம்பிச்சுடும். அப்படி சேர்க்கிறது ஷோர் பவர் கேபிள்ல (கரையில இருந்து போட்டுக்கு கரண்ட் கொண்டு வர்றது) வர்ற பச்சை கிரவுண்ட் வயர்தான். போட்ல பிரேக்கர ஆஃப் பண்ணி வச்சாலும் அது இணைஞ்சேதான் இருக்கும், அதனால "நான் கரண்டே எடுக்கல"ன்னு சொல்லி தப்பிக்க முடியாது. உங்க ஆனோட் (மத்த மெட்டல காப்பாத்த தானே கரையறதுக்குன்னு மாட்டுற மெட்டல் கட்டி) கரைஞ்சு பக்கத்து போட்ட காப்பாத்தும், அது தீர்ந்ததும் அடுத்து உங்க டிரைவ்தான்.

அப்புறம் அந்த வயர் எதுக்கு? வாட்டர் ஹீட்டர் எலிமென்ட் பழுதாகி கரண்ட் லீக்காச்சுன்னா அது பச்சை வயர் வழியா கரைக்கு திரும்பணும், பிரேக்கர் விழணும். வயர் இல்லேன்னா தண்ணி வழியாத்தான் போகும். கடல்ல உப்புத்தண்ணியே கரண்ட நல்லா கடத்திடும், ஏரித்தண்ணி அப்படியில்ல, அதவிட மனுஷ உடம்பு நல்லா கடத்தும், அதனால நீந்துறவங்க உடம்பு வழியா பாயுது, கை கால் இழுத்துக்கிட்டு அப்படியே முழுகிடுறாங்க. 2012 ஜூலை 4 லீவுல டென்னசியிலயும் மிசூரியிலயும் ஏரியில நீந்தப்போன நாலு பிள்ளைங்க இப்படித்தான் போனாங்க. அதனால மரினாவுக்குள்ள யாரும் நீந்தவே கூடாது. யாராவது தத்தளிச்சா குதிக்காதீங்க, முதல்ல பெடஸ்டல்ல (டாக்ல இருக்கிற கரண்ட் கம்பம்) கரண்ட ஆஃப் பண்ணுங்க, மிதவைய தூக்கிப் போடுங்க. தண்ணியில நீங்களே இருந்து ஜிவ்வுன்னு ஏறுச்சுன்னா டாக் ஏணிய பிடிக்காம வந்த வழியே விலகி நீந்துங்க.

சரி, அரிப்புக்கு என்ன வழி? கால்வானிக் ஐசொலேட்டர். கேபிள் போட்டுக்குள்ள வர்ற இடத்துலயே பச்சை வயர்ல மாட்டணும். சுமார் 1.2 வோல்ட்டுக்கு கீழ வர்ற டிசி கரண்ட தடுத்துடும், ஃபால்ட் கரண்ட் (பழுதால லீக்காகுற கரண்ட்) வந்தா முழுசா விட்டுடும். பழுதானாலும் கிரவுண்ட் அறுந்துபோகாத ஃபெயில்சேஃப் மாடலா வாங்குங்க. கேபிள் டிவி வயரும் இழுத்திருந்தா அதோட மெட்டல் மேல்பின்னல் வழியா அரிக்கிற கரண்ட் சுத்திப் போயிடும், ஐசொலேட்டர் போட்டும் பிரயோஜனம் இல்ல, இத நிறைய பேர் கவனிக்கிறதே இல்ல. காசு இருந்தா கரைக்கும் போட்டுக்கும் நேரடி வயர் தொடர்பே இல்லாம பண்ற ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இன்னும் மேல்.

கூடவே ஈஎல்சிஐ பிரேக்கர் (கரண்ட் லீக்க கண்டுபிடிச்சு விழுற பிரேக்கர்) ஒண்ணு போடுங்க, 30 மில்லிஆம்ப் லீக்கானாலே கட் பண்ணிடும். அது அடிக்கடி விழுதுன்னா பெரிசா மாத்தாதீங்க, லீக்க தேடுங்க. லீக்கேஜ் கிளாம்ப் மீட்டர முழு கேபிளையும் சுத்தி மாட்டிப் பாருங்க, கிட்டத்தட்ட ஜீரோ காட்டணும். காட்டலேன்னா பிரேக்கர ஒவ்வொண்ணா ஆஃப் பண்ணிக்கிட்டே வந்தா எதுன்னு பிடிபட்டுடும்.

மாட்டும்போது பெடஸ்டல் பிரேக்கர் ஆஃப்ல இருக்கணும், முதல்ல போட் பக்கம் சொருகி திருகி லாக் பண்ணிட்டு அப்புறம் கரைப்பக்கம், கழட்டும்போது கரைப்பக்கம் முதல்ல. இல்லேன்னா கரண்டோட இருக்கிற முனை கை தவறி தண்ணிக்குள்ள போயிடும். போட்ல ரிவர்ஸ் போலாரிட்டி லைட் (கரண்ட் வயருங்க மாறி இணைஞ்சிருக்குன்னு காட்டுறது) எரிஞ்சா உடனே கழட்டிட்டு மரினா ஆஃபீஸ்ல சொல்லுங்க. 30 ஆம்ப் கனெக்‌ஷன்ல தொடர்ந்து 24 ஆம்ப் மேல இழுக்கக்கூடாது, 1500 வாட் ரூம் ஹீட்டரும் 1500 வாட் வாட்டர் ஹீட்டரும் சேர்ந்தாலே 25 ஆம்ப் ஆயிடுது. ஒரு மணி நேரம் ஓடினப்புறம் பிளக்க தொட்டுப் பாருங்க. சூடா இருந்தாலோ பின் கறுத்திருந்தாலோ பிளக்கோட இன்லெட்டையும் (போட்ல பிளக் சொருகுற இடம்) சேர்த்து மாத்தணும், ஒண்ண மட்டும் மாத்தினா புதுசையும் கெடுத்துடும். வீட்டு எக்ஸ்டென்ஷன் கார்ட வச்சு சமாளிக்கவே வேணாம்.

ஆனோட் விஷயத்துல, ஏரிக்கு மெக்னீசியம், கடலுக்கு ஜிங்க், ரெண்டும் கலந்த முகத்துவாரத்துக்கு அலுமினியம். ஜிங்க்க ஏரியில போட்டா மேல வெள்ளையா பூத்து வேலை செய்யாம நின்னுடும். மெக்னீசியம் கடலுக்குப் போனா வேகமா கரைஞ்சுடும். பாதி கரைஞ்சதும் மாத்துங்க, மேல பெயின்ட் அடிக்காதீங்க. அக்டோபர்ல போட்ட கரைக்கு ஏத்தும்போது போட்டோ எடுத்து வைங்க, அடுத்த வருஷம் அதே மாசம் அதைவிட வேகமா கரைஞ்சிருந்தா ஐசொலேட்டர டெஸ்ட் பண்ணணும். வாரக்கணக்கா வரப்போறதில்ல, பில்ஜ் பம்புக்கு (போட் அடியில சேர்ற தண்ணிய வெளியேத்துறது) பேட்டரி தாங்கும்னா கேபிளையே கழட்டி சுருட்டி வச்சுட்டுப் போங்க.