கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லையா? ஃபைல்களை எடுக்கும்வரை இதையெல்லாம் செய்யாதீர்கள்

கம்ப்யூட்டர் எழுந்து வரவில்லை என்றதும் உள்ளே இருந்த போட்டோ, கணக்கு, ஆய்வேடு எல்லாம் போயே போய்விட்டது என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். பவர் சப்ளை, ராம், மதர்போர்டு, திரை, விண்டோஸின் பூட் ஃபைல்கள் என்று எது கெட்டாலும் கம்ப்யூட்டர் எழுந்து வராதது போலத்தான் தெரியும். அதனால் உங்கள் ஃபைல்களுக்கு ஏதாவது ஆகியிருக்கும் என்று அர்த்தமில்லை. பல சமயம் அவை தொலைவது அதற்கு அப்புறம்தான், சரிசெய்கிறேன் பேர்வழி என்று நாம் களத்தில் இறங்கும்போது.

ஃபைல்களை எடுப்பது ஒரு வேலை, கம்ப்யூட்டரை ஓடவைப்பது வேறு வேலை. முதல் வேலை முடியும்வரை அந்த டிஸ்க்கில் எதையும் எழுதக் கூடாது, படிக்க மட்டும்தான் வேண்டும். கீழே வரும் தவறுகளில் முக்கால்வாசி இந்த ஒரு விஷயத்தை மறப்பதால் வருபவைதான்.

பெரிய தவறு, விண்டோஸை உடனே மறுபடி நிறுவுவது, அல்லது விண்டோஸ் தொடங்காதபோது வரும் நீல மீட்புத் திரையில் ரீசெட் என்று கண்ணில் பட்டதும் அழுத்திவிடுவது. ரீசெட்டில் இரண்டு வழி உண்டு: ஒன்று எல்லாவற்றையும் அழிக்கும், இன்னொன்று உங்கள் ஃபைல்களை வைத்துக்கொள்ளும். இரண்டாவது பாதுகாப்பானதாகத் தெரிந்தாலும் நீங்கள் நிறுவிய மென்பொருள்களை அது நீக்கிவிடும், அவை தமக்குள் வைத்திருந்த தரவும் சேர்ந்தே போகலாம். நடுவில் கரண்ட் போனால் நிலைமை இன்னும் மோசம். ஏற்கெனவே ஃபார்மட் செய்யாமல் பழையதன் மேலேயே நிறுவிவிட்டீர்களா? அப்படியானால் சி டிரைவில் 'விண்டோஸ்.ஓல்டு' என்ற ஃபோல்டர் இருக்கிறதா பாருங்கள், பழைய ஃபைல்கள் அதற்குள் இருக்கும். சில நாட்களில் விண்டோஸே அதை அழித்துவிடும், தள்ளிப்போடாதீர்கள்.

ஃபார்மட் செய்தாலும் மென்பொருள் வைத்து எடுத்துவிடலாம் என்று சொல்பவர்கள் உண்டு. பழைய, சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் அது ஓரளவு உண்மை, மேலே வேறு எதுவும் எழுதப்படாதவரை. சுழலும் பாகமே இல்லாமல் சிப்களில் சேமிக்கும் எஸ்எஸ்டியில் அந்த நம்பிக்கை வேண்டாம். ஃபார்மட் செய்ததும் 'ட்ரிம்' என்ற கட்டளை போகும், இந்த இடங்கள் இனி தேவையில்லை என்று எஸ்எஸ்டி குறித்துக்கொண்டு தானே துடைத்துவிடும். அதன் பிறகு எந்த மென்பொருளாலும் பயனில்லை.

அடுத்து, டிஸ்க்கே கெட்டிருக்கும்போது செய்வது. ஹார்ட் டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்றோ உரசுவது போலவோ சத்தம் வந்தால் உடனே அணைத்துவிடுங்கள். இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போமே என்ற ஆசைதான் இங்கே எதிரி: உள்ளே படிக்கும் முனை, தரவு பதிந்த சுழலும் தட்டைத் தொடாமல் மயிரிழையின் தடிமனைவிட மிகக் குறைந்த உயரத்தில் மிதக்கிறது, அது பழுதாகித் தட்டில் உரசினால் ஒவ்வொரு சுற்றிலும் தரவு சுரண்டப்படுகிறது. மூடியைத் திறந்து பார்ப்பதும், ஃப்ரீசரில் வைத்து எடுப்பதும் வேண்டவே வேண்டாம். முதலாவதில் தூசி விழும், இரண்டாவதில் ஈரம் படியும். இந்த நிலையில் தரவு மீட்பு ஆய்வகம்தான் வழி.

சத்தமில்லை, ஆனால் படிப்பது ஆமை வேகம், நடுநடுவே பிழை வருகிறது என்றால் விண்டோஸில் உள்ள 'செக் டிஸ்க்' கருவியை ஓட்டச் சொல்லித்தான் எல்லாரும் அறிவுரை தருவார்கள். அதன் வேலை ஃபைல் அமைப்பைச் சீராக்குவது, உங்கள் ஃபைல்களைக் காப்பாற்றுவது அல்ல. சீராக்க அது டிஸ்க்கில் எழுதும். உடைந்த ஃபைல்களைப் பெயரில்லாத துண்டுகளாக்கி ஒரு ஃபோல்டரில் போட்டுவிடவும் கூடும். இப்படிப்பட்ட டிஸ்க்கை முதலில் 'டிடிரெஸ்க்யூ' போன்ற நகலெடுக்கும் மென்பொருளால் முழுசாக வேறொரு டிஸ்க்குக்கு நகலெடுத்து, சோதனைகளை எல்லாம் அந்த நகலில் செய்ய வேண்டும். நன்றாக இருக்கும் பகுதிகளை முதலில் படித்து, முரண்டு பிடிப்பவற்றைக் கடைசிக்குத் தள்ளுவது அதன் சிறப்பு.

டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டும்போது ஒரு பெட்டி வந்து பயமுறுத்தும்: இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யட்டுமா? வேண்டாம் என்று மூடிவிடுங்கள். விண்டோஸால் அந்த டிஸ்க்கைப் படிக்க முடியவில்லை என்பதுதான் அதன் பொருள், உள்ளே ஒன்றுமில்லை என்பதல்ல. மேக்கில் இருந்த டிஸ்க்காக இருந்தால்கூட இப்படிக் கேட்கும். இனிஷியலைஸ் (புது டிஸ்க்கைப் போலத் தயார்) செய்யட்டுமா என்று கேட்டாலும் இதே பதில்தான். எம்.2 எனப்படும் சின்னப் பட்டை வடிவ எஸ்எஸ்டி என்றால் அது என்விஎம்இ வகையா சாட்டா வகையா (கம்ப்யூட்டரோடு இணையும் இரண்டு முறைகள்) என்று பார்த்து, யூஎஸ்பியில் மாட்டப் பொருத்தமான உறை வாங்குங்கள், பொருந்தாத உறையில் போட்டுவிட்டு டிஸ்க் செத்துவிட்டது என்று நினைப்பவர்கள் நிறைய. புதிய மேக்களில் இந்தக் கழற்றும் வேலையே நடக்காது. பெரும்பாலானவற்றில் சேமிப்பகம் போர்டோடு ஒட்டியிருக்கும், அதில் உள்ள தரவும் அந்தக் குறிப்பிட்ட இயந்திரத்தின் சிப்போடு பிணைத்துக் குறியாக்கப்பட்டிருக்கும், அதாவது வேறெங்கும் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டிருக்கும்.

விண்டோஸிலும் குறியாக்கம் உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மைக்ரோசாஃப்ட் கணக்கோடு தொடங்கிய பல லேப்டாப்களில் விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கர் கேட்காமலேயே இயங்கிக்கொண்டிருக்கும். டிஸ்க்கை வேறு இடத்தில் மாட்டினால் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். சாவி பெரும்பாலும் அந்தக் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும், ஃபோனிலிருந்தே உள்ளே போய் எடுத்துக்கொள்ளலாம். அதைக் கையில் வைத்துக்கொள்ளாமல் கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸில் டிபிஎம்மை (சாவிகளைக் காக்கும் பாதுகாப்பு சிப்) அழிப்பது, செக்யூர் பூட் என்ற பூட் பாதுகாப்பு அமைப்பை மாற்றுவது, மதர்போர்டை மாற்றக் கொடுப்பது எல்லாம் வம்பை விலைக்கு வாங்குவது.

டிஸ்க் நன்றாக இருந்து விண்டோஸ் மட்டும் படுத்துவிட்டால் எதையும் கழற்றவே வேண்டாம். மீட்புத் திரையில் கமாண்ட் ப்ராம்ப்ட் என்ற கட்டளைப் பெட்டியைத் திறந்து, அதில் notepad என்று தட்டி நோட்பேடை அழைத்து, ஃபைல் திறக்கும் பெட்டியில் எல்லா வகைகளையும் காட்டு என்று வைத்தால், அந்தப் பெட்டியிலேயே ரைட் கிளிக் செய்து காப்பி எடுத்துப் பென் டிரைவில் ஒட்டலாம். சின்ன வேலைக்கு எனக்குப் பிடித்த வழி இதுதான். அங்கே டிரைவ் எழுத்துகள் மாறியிருக்கும், உங்கள் சி அங்கே டி-யாக இருக்கலாம், காலியாகத் தெரிந்தால் பதறாதீர்கள். காப்பி ஆகும்போது உறைந்து நிற்பது போலத் தோன்றும், பொறுமையாக இருங்கள். நிறைய எடுக்க வேண்டுமானால் உபுண்டு போன்ற லினக்ஸைப் பென் டிரைவில் போட்டு பூட் செய்யலாம். அதைத் தயாரிக்கும்போது அந்தப் பென் டிரைவில் இருப்பதெல்லாம் அழியும், திரை வந்ததும் நிறுவு என்பதை அழுத்தாமல் முயன்று பார் என்பதையே தேர்ந்தெடுக்க வேண்டும், இரண்டையும் மறக்காதீர்கள்.

எடுக்கும் வரிசையும் முக்கியம். தளர்ந்த டிஸ்க்கில் சினிமாக்களை முதலில் இழுத்துப் போட்டால், போட்டோக்களின் முறை வருமுன் அது நின்றுவிடலாம். வேறெங்கும் கிடைக்காதவை முதலில். டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டர்கள் காலியாக இருந்தால் மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேமிப்பகமான ஒன்டிரைவின் ஃபோல்டருக்குள் பாருங்கள், அங்கே இடம் மாறியிருக்கலாம். பிரவுசர் புக்மார்க், மெயில் மென்பொருளின் தரவு போன்றவை ஆப்டேட்டா என்ற மறைந்த ஃபோல்டரில் கிடக்கும், எல்லாரும் மறப்பது இதைத்தான். பென் டிரைவ் ஃபேட்32 என்ற பழைய முறையில் ஃபார்மட் ஆகியிருந்தால் 4 ஜிபியைத் தாண்டும் ஒற்றை ஃபைல் ஏறாது, பென் டிரைவை எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்துகொள்ளுங்கள்.

கடைக்குக் கொடுப்பதாக இருந்தால், ஃபைல்கள் வேண்டும், கேட்காமல் ஃபார்மட் செய்யக் கூடாது என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள், ஆன் ஆனால் போதும் என்று சொல்லிவிட்டு வந்தால் அவர்களுக்கு எளிய வழி புதிதாக விண்டோஸ் போடுவதுதான். எடுத்து முடித்ததும் பெயர்களையும் அளவையும் மட்டும் பார்த்து நிம்மதி அடையாமல், ஒவ்வொரு ஃபோல்டரிலும் சில ஃபைல்களை வேறு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள், பெரிய வீடியோவைக் கடைசிவரை நகர்த்திப் பாருங்கள். அது சரியாக இருந்தால் பழைய டிஸ்க்கில் ரீசெட்டோ ஃபார்மட்டோ எதை வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம்.