ஆத்தாவின் பேசரியும் பிசிஏவும்

விளக்கு வெளிச்சத்தில் கேமராவின் ஒளி உணர்திறனை (ஐஎஸ்ஓ) 6400 வைத்து எடுத்த ஆத்தா படம் முழுக்க மணல் தூவியது போலப் புள்ளிகள். மங்கலாக்கும் ஃபில்டர் போட்டால் முகச் சுருக்கமே போய்விட்டது.

அப்புறம் பிசிஏ (முதன்மைக் கூறு பகுப்பாய்வு): எண்களில் அதிகம் மாறுபடும் போக்குகளை, அதாவது கூறுகளை, பெரியதிலிருந்து வரிசையாகப் பிரித்தெடுக்கும் கணக்கு. படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, ஒன்றன்மேல் ஒன்று படியும் 8×8 பிக்சல் துண்டுகளாக வெட்டினேன். ஒவ்வொன்றும் 64 எண்கள். சராசரியைக் கழித்து, முதல் 10 கூறுகளை மட்டும் வைத்துத் திரும்பக் கட்டினேன். படத்தின் அமைப்பு முதல் சில கூறுகளில் குவியும்; அந்தப் புள்ளி இரைச்சலோ 64 கூறுகளிலும் ஏறக்குறைய சமமாகச் சிதறும்.

கன்னம் தெளிந்தது, ஆனால் மூக்கில் இருந்த எட்டுக்கல் பேசரி வெறும் வெள்ளைப் பொட்டாகிவிட்டது. மொத்தப் படத்துக்கும் ஒரே கூறுகள் என்றால் அரிதான துண்டு அடிபட்டுப்போகும். அதனால் ஒவ்வொரு துண்டுக்கும் அக்கம்பக்கத்தில் அதைப் போன்றவற்றைத் திரட்டித் தனியாகப் பிசிஏ போட்டேன். ராத்திரி முழுக்க ஓடியது, சரி. காலையில் கற்களை எண்ணினேன். எட்டும் இருந்தன.