சாயத் தொட்டிக்கு எந்த ஹீட்டர்? வகை, வாட் கணக்கு, வயரிங்

கிழக்கிலங்கையின் மருதமுனைப் பக்கம் நூல் சாயமிடுவதற்கு விறகடுப்பை விட்டுக் கரண்டுக்கு மாற நினைப்பவர்கள் முதலில் கேட்பது "எத்தனை கிலோவாட்?" என்றுதான். அதற்கு முன் வகையைப் பார்ப்போம்.

1. வகை

தண்ணீர், எண்ணெய் போன்றவற்றுக்கு உள்ளே அமிழ்த்தி வைக்கும் இமர்ஷன் ஹீட்டர். பிளாஸ்டிக் மோல்டிங் மெஷினின் பரலைச் (உருளை) சுற்றி இறுக்கப் பட்டி போன்ற பேண்ட் ஹீட்டர். முதல் சூட்டுக்குப் பிறகு கரண்டை நிறுத்தி போல்ட்டை மறுபடி இறுக்க வேண்டும். இடைவெளி விழுந்த இடம்தான் முதலில் கருகும். பொலித்தீன் சீலிங் மெஷினுக்கு, உலோகத் துளைக்குள் செருகும் கார்ட்ரிட்ஜ் ஹீட்டர். துளை தளர்வாக இருந்தால் அதற்கும் இதே கதி. காற்றைச் சூடாக்கத் தகடு வைத்த ஃபின் ஹீட்டர். விசிறி சுழலாமல் அது ஓன் ஆகவே கூடாது. பெயின்ட் உலர்த்த இன்ஃப்ராரெட். நமக்கு வேண்டியது இமர்ஷன்.

2. கணக்கு

லீற்றர் × ஏற வேண்டிய பாகை × 4.186 ÷ 3600 = யூனிட் (கிலோவாட் மணி). 200 லீற்றரை 28 பாகையிலிருந்து 80க்கு ஏற்ற 12.1 யூனிட். இழப்புக்கு 20 வீதம் கூட்டினால் 14.5. 9 கிலோவாட் ஹீட்டர் போட்டால் ஒரு மணி 37 நிமிடம். மூடியில்லாத தொட்டி என்றால் இன்னும் இழுக்கும்.

3. குழாய் உலோகம்

எலிமென்ட் என்பது சூடேறும் கம்பியை உள்ளே வைத்த குழாய். அந்தக் குழாய்க்குக் கடையில் மலிவாகக் கிடைக்கும் 304 ஸ்டெயின்லெஸ் வேண்டாம். பருத்திச் சாயத்துக்கு உப்பைக் கிலோக் கணக்கில் கொட்டுகிறோம். சூடான உப்புத் தண்ணீர் 304ஐ ஊசி குத்தியதுபோல் துளைத்துவிடும். 316 கொஞ்சம் தாங்கும். டைட்டேனியம்தான் நிம்மதி, விலையும் அப்படித்தான். உப்பைத் தொட்டிக்குள் அப்படியே கொட்டாமல் வாளியில் கரைத்து ஊற்றுங்கள். அடியில் படிந்தால் எலிமென்ட் மூச்சுமுட்டும். அதனால் அடியிலிருந்து இரண்டு மூன்று அங்குலம் உயர்த்தியே பொருத்துங்கள்.

4. ஸ்டாரா, டெல்டாவா?

மூன்று பேஸ் (phase) கரண்டில் எலிமென்டுகளைப் பூட்டும் இரண்டு முறைகள் இவை: ஸ்டாரில் ஒவ்வொன்றும் ஒரு பேஸுக்கும் பொதுப் புள்ளிக்கும் இடையே 230 வோல்ட் பெறும், டெல்டாவில் இரண்டு பேஸுக்கு இடையே 400 வோல்ட் பெறும். ஹீட்டர்கள் அதிகம் சாவது இங்கேதான். 9 கிலோவாட் ஹீட்டருக்குள் 3 கிலோவாட் எலிமென்ட் மூன்று இருக்கும். வயர் பூட்டுவதற்கு முன் இணைப்புத் தகடுகளைக் கழற்றி, ஒவ்வொன்றையும் மல்டிமீற்றரில் அளவுங்கள்.

ஏறக்குறைய 17.6 ஓம் காட்டினால் அது 230 வோல்ட் எலிமென்ட்: ஸ்டார். 53 ஓம் காட்டினால் 400 வோல்ட் எலிமென்ட்: டெல்டா.

230 வோல்ட் எலிமென்டை டெல்டாவில் பூட்டினால் ஒவ்வொன்றுக்கும் 400 வோல்ட் போகும். சக்தி மூன்று மடங்காகி 27 கிலோவாட் ஆகும். பேஸுக்கு 13 ஆம்பியர் எடுக்க வேண்டியது 39 எடுக்கும். 20 ஆம்பியர் பிரேக்கர் கொஞ்ச நேரத்தில் விழும். "பிரேக்கர் சரியில்லை" என்று 40 போடுவார்கள், எலிமென்ட் கருகும். விழும் பிரேக்கரைப் பெரிதாக்காதீர்கள், ஓமை அளவுங்கள்.

மறுபுறம், 400 வோல்ட் எலிமென்டை ஸ்டாரில் பூட்டினால் ஒன்றும் எரியாது. 3 கிலோவாட் மட்டுமே வரும், அதே தண்ணீர் சூடேற ஐந்து மணித்தியாலம் பிடிக்கும். "ஹீட்டர் டூப்ளிகேட்" என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகுமுன் இதைப் பாருங்கள்.

5. கட்டுப்பாடு

தெர்மோஸ்டாட்டுக்குள்ளால் முழுக் கரண்டையும் விடாதீர்கள். அது கொன்டாக்டரின் (பெரிய கரண்டைத் திறந்து மூடும் காந்தச் சுவிட்ச்) கொயிலை மட்டும் இயக்கட்டும். சாயத் தொட்டிக்கு டிஜிட்டல் கன்ட்ரோலர் தேவையில்லை. ஆவியும் உப்புக்காற்றும் அதைச் சீக்கிரம் தின்றுவிடும். செம்புக் குமிழ் வைத்த சாதா தெர்மோஸ்டாட்டில் குமிழுக்கு மட்டும் 316 ஸ்டெயின்லெஸ் உறை போடுங்கள். மிதவை சுவிட்ச் கட்டாயம்: தண்ணீர் எலிமென்டுக்கு மேல் இரண்டு அங்குலத்துக்குக் குறைந்தால் கரண்ட் நிற்க வேண்டும். தொட்டியின் உடலுக்கு ஏர்த், லைனுக்கு 30 மில்லிஆம்பியர் ட்ரிப் சுவிட்ச் (கரண்ட் கசிந்தால் நிறுத்துவது). மெயின் இணைப்பை அனுமதிப்பத்திரம் உள்ள எலெக்ட்ரீசியனிடம் விடுங்கள்.

பின்சேர்க்கை: மாரி முடிந்து திரும்பப் போட்டால் ட்ரிப் விழுகிறது என்று சிலர் கேட்டிருந்தார்கள். எலிமென்டுக்குள் இருக்கும் மக்னீசியம் ஒக்சைட் தூள், முனை வழியாக ஈரத்தை உறிஞ்சிவிடும், கரண்ட் உடலுக்குக் கசியும். வயரைக் கழற்றி 500 வோல்ட் மெகரால் (இன்சுலேஷன் அளக்கும் கருவி) எலிமென்டுக்கும் உடலுக்கும் இடையே பாருங்கள். ஒரு மெகாஓமுக்குக் கீழே என்றால் 120 பாகை அவனில் (oven) சில மணித்தியாலம் உலர்த்தி மறுபடி அளவுங்கள். ஏறினால் பாவிக்கலாம். ஏறாவிட்டால் குழாயில் ஓட்டை இருக்கலாம். அந்த ஹீட்டரை மாற்றத்தான் வேண்டும். ட்ரிப் சுவிட்சைத் தாண்டி நேரே இணைத்து ஓட்டுவது, நூலை அலசக் கை விடுகிறவரைக் கொல்லும்.