குளிசைப் போத்தலைத் திருப்பிப் பாருங்கள்

பெண்களுக்கான விற்றமின் வாங்கப் போனால் போத்தலின் முன்பக்கத்துப் பூப்படத்தில் மயங்காமல் பின்பக்கத்தைப் படியுங்கள். ஃபெரஸ் ஃபியூமரேட் (இரும்புச் சேர்மம்) 200 மில்லிகிராம் என்று போட்டிருந்தால், அதில் உண்மையான இரும்பு 65 மில்லிகிராம் அளவுதான். விலையை ஒப்பிட வேண்டியது இந்த எண்ணை வைத்துத்தான்.

வாங்குவதைவிடப் போடுகிற நேரம் முக்கியம் என்பேன். திருகோணமலையில் என் மச்சாள் மாதக்கணக்காக இரும்புக் குளிசையைக் காலைத் தேத்தண்ணியோடு விழுங்கினாள், இரத்தம் கூடவேயில்லை. தேயிலைச் சாயம் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இப்போது தேத்தண்ணிக்கு ஒரு மணி நேரம் முன்னால், அரைத் தேசிக்காய் பிழிந்த தண்ணீரோடு போடுகிறாள். கல்சியம் குளிசையும் இருந்தால் அதை இரவுக்குத் தள்ளிவிடுங்கள். (இரும்புக் குளிசையால் மலம் கறுத்துப் போகும், பயப்பட வேண்டாம்.)

பிள்ளைக்கு யோசிக்கிறவர்கள் ஃபோலிக் அமிலத்தை, நாளுக்கு 400 மைக்ரோகிராம், கர்ப்பத்துக்கு முன்பே தொடங்க வேண்டும். கர்ப்பகாலக் குளிசைகள் அரச கிளினிக்கில் இலவசம்; கேட்காமல் அதன்மேல் இன்னொன்றைப் போடாதீர்கள். மீன் ஈரல் எண்ணெய் அப்போது வேண்டவே வேண்டாம், அதிலுள்ள விற்றமின் ஏ அளவு மிஞ்சினால் வயிற்றுப் பிள்ளைக்குக் கேடு.

முடிக்கென்று விற்கும் பயோட்டின்? தைரொயிட் இரத்தப் பரிசோதனையையே குழப்பிவிடும், லாபில் சொல்லிவிடுங்கள். கல்சியத்துக்கு எங்கள் கடற்கரை நெத்தலி இருக்கிறதே, முள்ளோடு பொரித்துச் சாப்பிடலாம்.