சுருக்கியாச்சா? அழிக்கும் முன் ஒரு ‘கம்பேர்’

லினக்ஸில் ஒரு ஃபோல்டரை டார் (பல கோப்புகளை ஒன்றாகக் கட்டும் கருவி) மூலம் ஒரே கோப்பாகக் கட்டிச் சுருக்கி முடித்ததும், மூலத்தை அழிப்பதற்கு முன் டார் கட்டளையை ‘கம்பேர்’ ஆப்ஷனோடு இன்னொரு முறை ஓட்டுங்கள். முன்னால் இரண்டு ஹைஃபன், பின்னால் மைனஸ் எஃப், கோப்பின் பெயர். சுருக்கும்போது எந்த இடத்தில் இருந்தீர்களோ அங்கிருந்தே ஓட்ட வேண்டும். ‘கம்பேர்’ என்பதற்குப் பதில் அதன் ஒற்றை எழுத்து வடிவம் வேண்டாம். அதன் எழுத்தும் (d), பட்டியல் காட்டும் ஆப்ஷனின் எழுத்தும் (t) நம் வாயில் ‘டி’தான், குழம்பிவிடும்.

சுருக்கும் வேலையைச் செய்யும் ஜிஸிப்பின் ‘டெஸ்ட்’ ஆப்ஷன், சுருக்கிய கோப்பு உடையாமல் இருக்கிறதா என்று மட்டுமே பார்க்கும். ‘கம்பேர்’ உள்ளே இருக்கும் ஒவ்வொரு கோப்பையும் டிஸ்கில் உள்ளதோடு ஒப்பிடும்: உள்ளடக்கம், அளவு, தேதி, அனுமதிகள். வேறுபாடு இருந்தால் பெயரோடு சொல்லும். இல்லையென்றால் சத்தமில்லாமல் முடியும்.

ஒன்றை மறக்காதீர்கள். டார் கோப்பில் இல்லாததை அது தேடாது. சுருக்கிய பிறகு ஃபோல்டரில் புதிதாக ஏதாவது வந்திருந்தால் தெரியாது. ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸ், லாக் கோப்புகளுக்கும் இது உதவாது, அவை நொடிக்கு நொடி மாறும். மேக்கில் வரும் டாரில் இந்த ஆப்ஷனே கிடையாது; அங்கே லினக்ஸில் வழக்கமாக வரும் டாரான குனூ டாரை நிறுவிக்கொள்ளுங்கள்.