பௌர்ணமி மேல் பழி போடாதீர்கள்: ஓதம் பற்றிய தவறான எண்ணங்கள்

தேவனாம்பட்டினத்தையும் தாழங்குடாவையும் சுனாமி அடித்துப் போட்ட 2004 டிசம்பர் 26 ஒரு பௌர்ணமி நாள். அதனால் "பௌர்ணமியில் கடல் பொங்கிவிட்டது" என்று சொல்பவர்கள் கடலூரில் இன்னும் உண்டு. முதலில் கைவிட வேண்டிய எண்ணம் இதுதான். சுனாமியைக் கிளப்பியது சுமத்ரா அருகே கடலடியில் வந்த நிலநடுக்கம். நிலநடுக்கம் திதி பார்த்து வருவதில்லை. பௌர்ணமிக்கு மட்டும் பயந்துவிட்டு மற்ற நாளில் எச்சரிக்கையை அலட்சியம் செய்தால் உயிருக்கே ஆபத்து.

கடல்நீர் தினமும் ஏறுவதும் வற்றுவதும்தான் ஓதம். நிலா கடல்நீரை மேலே தூக்குவதால் அது வருகிறது என்பது அடுத்த தவறான எண்ணம். தூக்குவதாக இருந்தால் நாளுக்கு ஓர் ஏற்றம்தானே வர வேண்டும்? உப்பனாற்றில் தண்ணீர் இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றுகிறதே! இங்கே வேலை செய்வது நிலாவின் இழுப்பு இடத்துக்கு இடம் மாறுவதுதான். நிலாவைப் பார்த்த பக்கம், மறுபக்கத்தைவிட சுமார் 12,700 கி.மீ. கிட்டத்தில் இருக்கிறது. அங்கே இழுப்பு கூடுதல், பூமியின் நடுவில் அதைவிடக் குறைவு, மறுபக்கத்தில் இன்னும் குறைவு. முன்பக்கத் தண்ணீர் பூமியை முந்தப் பார்க்கிறது, மறுபக்கத் தண்ணீர் பின்தங்குகிறது. இரண்டு பக்கமும் நீர் திரள்கிறது. அதுவும் செங்குத்தாக எழும்பி அல்ல, பக்கவாட்டில் நகர்ந்து வந்து சேர்ந்து.

இது புரிந்தால் சூரியன் விஷயமும் புரியும். சூரியன் பூமியை இழுப்பது நிலாவைவிட ஏறக்குறைய 180 மடங்கு. ஆனால் ஓதத்தை எழுப்புவது பக்கத்துக்குப் பக்கம் இழுப்பில் உள்ள வித்தியாசம். தூரம் கூடக்கூட இந்த வித்தியாசம் இழுப்பைவிட வேகமாகத் தேய்ந்துவிடும். அதனால் ஓதத்தில் சூரியனின் பங்கு நிலாவின் பங்கில் பாதிகூட இல்லை. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் இரண்டும் கைகோத்து ஏற்றம் பெரிதாகும், பெரும்பாலும் ஓரிரு நாள் தள்ளி. அஷ்டமிச் சமயத்தில் அடங்கும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது, அமாவாசை போய் ஆறு நாள் ஆகியிருந்தது. ஓதம் அடங்கும் நாட்கள் அவை. அன்று கடலைக் கரைமேல் தள்ளியது காற்று.

அலையையும் ஓதத்தையும் ஒன்றாக நினைப்பதும் தவறு. புதுச்சேரி கடற்கரைச் சாலையில் பாறையில் மோதித் தெறிப்பது காற்று எழுப்பிய அலை. ஓதம் சத்தமில்லாமல் ஆறு மணி நேரம் போல ஏறும், அதே அளவு நேரம் வற்றும். நம் கரையில் அதன் உயர வித்தியாசம் ஒரு மீட்டரை ஒட்டித்தான். குஜராத்தின் பாவ்நகரில் 10 மீட்டரையும் தாண்டும். காம்பே வளைகுடா குறுகிக்கொண்டே போவது அதற்கு ஒரு முக்கியக் காரணம். அதனால் வேறு ஊர்க் கணக்கு இங்கே உதவாது.

சரி, ஒரு மீட்டர்தானே என்று விடவும் முடியாது. அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் மணல் தூர்ந்திருக்கும்போது, படகு தரைதட்டாமல் போக அந்த ஏற்றம்தான் கைகொடுக்கும். நேற்று 9 மணிக்கு ஏற்றம் என்றால் இன்றும் 9 மணிக்கே என்று கிளம்பாதீர்கள். நாளுக்கு நாள் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். நம் துறைமுகத்துக்கான ஓத அட்டவணையைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.