இயற்கணிதம்: தட்டுவடைக் கணக்கில் சறுக்கும் இடங்கள்

சேலத்துத் தள்ளுவண்டிக் கடையில் 4 தட்டுவடை செட், 30 ரூபாய்க்கு ஒரு நொறுக்கல், மொத்தம் 190 ரூபாய். ஒரு செட் என்ன விலை? பாடப்புத்தகத்து எக்ஸுக்குப் பதில் த என்று வைத்தால் 4த + 30 = 190. விடை 40 என்று மனக்கணக்கிலேயே சொல்லிவிடும் பிள்ளைதான், நோட்டில் படிப்படியாக எழுதச் சொன்னால் தடுமாறும்.

காரணம் பெரும்பாலும் ஒரு சொலவடை: 'அந்தப் பக்கம் போனால் குறி மாறும்.' 30 வலப்பக்கம் போய் −30 ஆகிறது, 4த = 160. சரி. அதே வேகத்தில் 4-ஐயும் அனுப்பி, 160 − 4 = 156 என்பார் ஒருவர்; 160-ஐ −4-ஆல் வகுத்து −40 என்பார் இன்னொருவர். உண்மையில் எதுவும் எங்கும் போவதில்லை. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு நிறுத்த பழைய இருதட்டுத் தராசை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டில் செய்ததை மறுதட்டிலும் செய்தால்தான் முள் நடுவில் நிற்கும். இரு பக்கமும் 30-ஐக் கழிக்கிறோம். பிறகு இரு பக்கமும் 4-ஆல் வகுக்கிறோம். 4 அங்கே பெருக்கலாக ஒட்டியிருக்கிறது, அதனால் வகுத்தல். குறிக்கு வேலையே இல்லை. (அல்ஜீப்ரா என்ற பெயரின் மூலமான 'அல் ஜப்ர்', 9ஆம் நூற்றாண்டில் அல் குவாரிஸ்மி கையாண்ட சொல். கழிபட்டு நிற்பதை இரு பக்கமும் கூட்டிச் சரிசெய்வதுதான் அதன் பொருள்.)

முதலிலேயே 4-ஆல் வகுத்தாலும் தவறில்லை. ஆனால் த + 30 = 47.5 என்று எழுதுகிறார்கள். தட்டில் இருப்பது முழுவதையும் வகுக்க வேண்டும்: த + 7.5 = 47.5.

அடைப்புக்குறிக்கு முன்னால் மைனஸ் நின்றால் இன்னும் கவனம் தேவை. மாம்பழத்தின் விலையில் கிலோவுக்கு 10 ரூபாய் குறைத்து 3 கிலோ வாங்கி, 500 ரூபாய்த் தாள் கொடுத்தால் மீதி 230. குறைக்காத விலை ம என்றால்:

500 − 3(ம − 10) = 230

தவறான அடுத்த வரி: 500 − 3ம − 30 = 230. இதில் ம = 80 வரும்.
சரியான வரி: 500 − 3ம + 30 = 230. அதாவது 3ம = 300, ம = 100.

−3 உள்ளே இருக்கும் −10-ஐயும் பெருக்குகிறது, அதனால் +30. 80-ஐப் போட்டுப் பாருங்கள்: கிலோ 70 வீதம் 210 ரூபாய், மீதி 290. கடைக்காரர் கொடுத்ததோ 230. விடையைச் சமன்பாட்டில் போட்டுப் பார்க்க அரை நிமிடம்கூட ஆகாது, இருந்தும் பலர் செய்வதில்லை.

போட்டுப் பார்ப்பதிலும் ஒரு பொறி உண்டு. 3ம + 5 = 8ம என்று சேர்த்துவிட்டு ம-வுக்கு 1 வைத்தால் இரு பக்கமும் 8 வரும், தவறு தப்பித்துக்கொள்ளும். 2 வையுங்கள்: 11, 16. குட்டு வெளிப்பட்டுவிடும். சுருக்கியது சரியா என்று பார்க்க 0, 1 இரண்டையும் நம்ப முடியாது.

'4த = 190 − 30 = 160 ÷ 4 = 40' என்று ஒரே வரியில் ஓட்டுவதும் வேண்டாம். அது 160-ம் 40-ம் சமம் என்கிறது. வரிக்கு ஒரு சமக்குறி போதும்.

கடைசியாக, எழுத்து எதைக் குறிக்கிறது என்பது. த என்றால் தட்டுவடை அல்ல, ஒரு செட்டின் விலை. இதை முதல் வரியில் எழுதாவிட்டால் வாக்கியக் கணக்குகள் தலைகீழாகும். ஏற்காட்டுத் தோட்டம் ஒன்றில் ஒரு சில்வர் ஓக் மரத்துக்கு 6 காப்பிச் செடி வீதம் இருக்கின்றன என்றால், படித்த வரிசையிலேயே ஓ = 6க என்று எழுதிவிடுவார்கள். க செடிகளின் எண்ணிக்கை, ஓ மரங்களின் எண்ணிக்கை. 10 மரம் என்றால் 60 செடி. 10 = 6 × 60 ஆகுமா? க = 6ஓ.